'க' அடித்தால் முதலில் வருவது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே ஒரு கப் உடைந்தது. கை தவறி இல்லை. சுவரில் வீசினேன்.

காரணம் ஒரு பக் ரிப்போர்ட், பிழைப் புகார். எங்கள் மெனுவைப் பற்றி யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறான்: "கால்குலேட்டரைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மனக்கணக்கே போட்டு முடிச்சிடலாம். இந்தத் தேடலை எழுதினவன் கையை உடைக்கணும்." எழுதினவன் இல்லையடா, எழுதினவள். கை இங்கேதான் இருக்கிறது. வா, வந்து உடை.

கோபம் இறங்கிய பிறகு யோசித்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். லினக்ஸ் டெஸ்க்டாப்பின் மூலையில் இருக்கும், செயலிகளைத் தேடித் திறக்கும் மெனுவில் 'கண' என்று அடித்தால் கணிப்பான் முதலில் வர வேண்டும். ஆறாவதாக வருகிறது. செயலியின் பெயரையும் அதற்குக் கீழே உள்ள விளக்கத்தையும் என் தேடல் ஒன்றாகவே பார்க்கிறது. எந்த விளக்கத்தை எடுத்தாலும் 'உங்கள் கணினியில்', 'இந்தக் கணினியின்' என்று அதில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. படம் பார்க்கும் செயலி, அச்சடிக்கும் செயலி, குப்பைத் தொட்டி என்று எல்லாம் கணிப்பானைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கின்றன.

சம்பளத்துக்குச் செய்யும் வேலை வேறு. இது நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை.

மதியம் கீழே ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது. கீழே முன்பக்கம் அத்தானின் டிரைவிங் ஸ்கூல், அதற்குப் பின்னால் அவர்கள் வீடு, மாடியில் என் அறை. சாப்பாட்டு வேளையில் ஷட்டர் பாதி இறங்கினால் என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் நானும் அக்காவும்.

நான் படியிறங்குவதற்குள் முடிந்துவிட்டது. அத்தான் குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்தார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "என்ன கம்ப்யூட்டர், சாப்பிட்டாச்சா?" என்று என்னைக் கேட்டார். உள்ளே அக்கா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் இல்ல போ" என்றாள்.

ஒன்றும் இல்லையாம்.

மார்ச் 5, வியாழன்

சரி செய்துவிட்டேன். பெயரின் தொடக்கத்தில் பொருந்தினால் முதல் இடம். பெயரின் நடுவில் என்றால் அடுத்தது. விளக்கத்தில் மட்டும் இருந்தால் ஓரமாகப் போய் நில். இவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம்?

கீழே டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி அக்காவை அடித்துப் பார்க்கச் சொன்னேன். எனக்கு அவள்தான் சோதனை எலி. ஒரு எழுத்து, எண்டர், அவ்வளவுதான் அவள் பொறுமை. கணிப்பான் சட்டென்று வந்தது.

"அட, இப்பதான் புத்தி வந்திருக்கு."

"எனக்கா, அதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

காதில் இன்னும் வீக்கம். சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அத்தான் அடிப்பதையும் பார்த்தேன். ஒற்றை விரல். 'க' என்று ஓர் எழுத்து, பிறகு எண்டர். எண்டரை எப்போதும் இரண்டு முறை, குத்துகிற மாதிரி. திரையைப் பார்ப்பதே இல்லை. "ஒரு தடவை சொன்னா அதுக்குக் காது கேக்காது" என்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் மானிட்டர். மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியை இன்றுவரை 'அந்த ஸ்டெபிலைசர்' என்றுதான் சொல்கிறார்.

மார்ச் 9, திங்கள்

காவல் நிலையத்துக்குப் போனோம். அக்காவை இழுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் சரி.

அத்தான் பேரைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் அம்மா சிரித்தேவிட்டார். "அவரா? என் பொண்ணுக்கு அவர்தாம்மா கார் கத்துக்குடுத்தாரு. மூணு தடவை மதில்ல கொண்டுபோய் இடிச்சா. ஒரு வார்த்தை அதட்டலையே மனுஷன்!"

"ஆமாம்மா. கார்ல அதட்ட மாட்டாரு" என்றாள் அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. புருஷன் பெண்டாட்டி பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். அத்தானுடைய பொறுமை ஊர் முழுக்கப் பிரசித்தம். காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் அதை மெதுவாகத்தான் மிதிப்பார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

வெளியே வந்து குப்பைத் தொட்டியை ஓங்கி உதைத்தேன். இரும்புத் தொட்டி. கால் நகம் பிய்ந்து ரத்தம். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, "உன்னைத்தான் குட்டி முதல்ல உள்ள வைப்பாங்க" என்றாள்.

"கிளம்பிடலாம்க்கா. வேற வீடு பாக்கலாம்."

"நான் எதுக்குடி கிளம்பணும்? ஆரம்பத்துல அந்த ஸ்கூலுக்கு வந்த பொம்பளைங்க எல்லாருக்கும் நான்தான் கத்துக்குடுத்தேன். அதை நிறுத்தினதே அவருதான். போறதா இருந்தா அவரு போகட்டும்."

இவளிடம் இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

மார்ச் 12, வியாழன்

வக்கீலம்மாவைப் பார்த்தோம். சின்ன அறை, மின்விசிறிக்குக் கீழே கட்டுக் கட்டாகக் காகிதம். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நீ தங்கச்சி. நீ சொல்றது மட்டும் எடுபடாது. ஊரே அவரை நல்லவர்னு சொல்லுது. அவர் வாயாலயே ஏதாவது வரணும்."

ஃபோனில் பதிவு செய்ய முடியாது. அக்காவின் ஃபோனை அத்தான் தினமும் வாங்கிப் பார்ப்பார். ஆனால் அடி விழுவது ஆபீசில். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, தியரி வகுப்புக்கு வாங்கிய மேசை மைக் இருக்கிறது. குரல் பதிவி என்ற செயலி ஏற்கெனவே இருக்கிறது. அவர் திறப்பது கணிப்பானை மட்டும்தான்.

அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மெனுவில் 'கு' அடி, எண்டர். செயலி திறக்கும். இன்னொரு எண்டர், பதிவு தொடங்கிவிடும். மூலையில் சிவப்பு வட்டம் சுற்றினால் ஓடுகிறது என்று அர்த்தம். பிறகு செயலியைச் சின்னதாக்கிவிட்டால் வெளியே தெரியாது. ஷட்டர் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும்.

கோப்புகளைச் சாலைக் குறியீட்டுப் படங்களின் நடுவே ஒளித்து வைத்தேன். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. என்னைப் போல ஒரு கெட்டிக்காரி உண்டா!

மார்ச் 18, புதன்

இன்று எழுதியது எனக்கே பிடித்திருக்கிறது. மெனு இனிமேல் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். எதை அதிகம் திறக்கிறோமோ அது மேலே ஏறும். 'க' என்று அடித்தால் க, கா, கி, கு என்று க வரிசையில் இருக்கும் எல்லாவற்றிலும் நம் கைக்குப் பழகியதுதான் முதலில் நிற்கும். தாடிக்கு அனுப்பினேன். இந்த மெனு முழுவதற்கும் பொறுப்பு அவர்தான், வேறு ஊரில் இருக்கிறார். வீடியோவில் தாடியைத் தவிர ஒன்றும் தெரியாது, அதனால் தாடி. "பிரமாதம். தானாவே ஆன்ல இருக்கட்டும்" என்று உடனே பதில்.

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்போ நான் எதை அதிகம் திறக்குறேன்னு அதுக்குத் தெரியும்?" என்று கேட்டார் அத்தான்.

"ஆமா அத்தான். நீங்க ஒரு எழுத்து அடிச்சாப் போதும்."

"பரவால்லையே! பொண்டாட்டிய விட ஒழுங்கா கவனிக்குதே."

நானும் சிரித்தேன். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 23, திங்கள்

வக்கீலம்மா இதுவரை எடுத்த பதிவுகளைக் கேட்டார். ஒன்றும் தேறாது என்கிறார்.

விஷயம் என்னவென்றால், அடிக்கும்போது அந்த ஆள் பேசுவதே இல்லை. ஷட்டர் சத்தம். ஏதோ விழும் சத்தம். 'அம்மா' என்று அக்கா. மறுபடி ஏதோ விழும் சத்தம். "மேசையை நகர்த்தினோம்னு சொல்லிடுவாங்கம்மா. அவர் பேசுற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருங்க" என்றார். ஒவ்வொன்றாக நானும் உட்கார்ந்து கேட்டேன். கடைசிப் பதிவில் அடி விழும் சத்தத்துக்குப் பிறகு அக்கா மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் நெடுநேரம் வருகிறது.

அவன் கழுத்தை நெரித்தால் எப்படி இருக்கும் என்று வேலை நடுவே யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்பது வரைக்கும் யோசிக்கிறேன். நானும் அதே ரகம்தானா? கப்பைச் சுவரில் வீசுகிறவள்தானே நானும்?

மார்ச் 30, திங்கள்

புது மெனுவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கணிப்பான் முதலில் வந்தது. அத்தான் என் முதுகில் தட்டினார்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஷட்டர் இன்று காலையிலும் இறங்கியது. மதியமும்.

ஏப்ரல் 9, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசை இல்லை, நோட்டு மடியில். படிக்க முடிகிறதா என்று தெரியவில்லை.

நான் மாடியில்தான் இருந்தேன். எழுதி வைக்கிறேன், நான் மாடியில்தான் இருந்தேன். காதில் ஹெட்ஃபோன். புது வெளியீட்டுக்காக எல்லோரும் வீடியோவில் கூடியிருந்தோம். "பழக்கத்தைக் கத்துக்கிற மெனு, இந்தத் தடவை அதுதான் ஹீரோ" என்று தாடி சொல்ல, எல்லோரும் கை தட்ட, நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். கீழே அவன் என் அக்காவின் கையை உடைத்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் எடுக்கத்தான் இறங்கினேன். ஷட்டர் பாதியில். உள்ளே அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் இல்லை. மானிட்டர் எதிர்ச் சுவரோரம் நொறுங்கிக் கிடந்தது.

கணக்குப் போட உட்கார்ந்திருக்கிறான். 'க'. எண்டர், எண்டர். கணிப்பான் வரவில்லை. குரல் பதிவி வந்திருக்கிறது. அக்கா இந்தப் பத்து நாளில் எத்தனை முறை அதைத் திறந்திருப்பாள்! நான் எழுதிய மெனு ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அதிகம் திறந்ததைத் தூக்கி மேலே வைத்திருக்கிறது. நான் ஒளித்து வைத்த பதிவுகளையெல்லாம் செயலி வரிசையாகக் காட்டியிருக்கிறது. கோப்பை ஒளித்தேனே, மெனுவை யோசித்தேனா? அறிவிருந்தால்தானே!

"இது ஏன் முதல்ல வருது?" என்று மெதுவாகக் கேட்டானாம். "உன் தங்கச்சிதான சொன்னா, அதிகம் திறக்குறதுதான் மேல வரும்னு. நான் இதைத் திறந்ததே இல்லையே."

எல்லாப் பதிவையும் அவள் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறான். பிறகு அந்தக் கையை மேசை டிராயருக்குள் வைத்து, டிராயரைக் காலால் உதைத்து மூடியிருக்கிறான். ஒரு முறை இல்லை. பிறகு மானிட்டரைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருக்கிறான். பிறகு முகம் கழுவி, தலை சீவி, மதிய வகுப்புக்குப் போய்விட்டான்.

மூலையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்தேன். தெருமுனையில் அவன் கார் திரும்புவது தெரிந்தது, மேலே சிவப்பு எழுத்துப் பலகையோடு. அக்கா தரையிலிருந்தே சொன்னாள்: "அதைக் கீழ போடு குட்டி. நீ அடிச்சா அவருக்குத்தான் சாட்சி கிடைக்கும்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு அவனே வந்தான். பழப் பையோடு. டாக்டரிடம், "டிராயர்ல மாட்டிக்கிச்சு டாக்டர், என் கவனக்குறைவுதான்" என்றான். டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டினாள்! அந்த நிமிஷம் அவனை விட அவள் மேல்தான் எனக்கு வெறி வந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

கட்டிலை விட்டு நகர முடியாதவள் காலையில் என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்: "பெட்டியை எடு. மேசைக்கு அடியில இருக்கே, அது. மானிட்டரைத்தான உடைச்சாரு. அணைச்சிடாத, அப்படியே ஓடட்டும். முதல்ல நிறுத்தி சேமி."

"என்ன ஓடுது?"

"அவரு எப்பவும் ரெண்டு எண்டர்தான அடிப்பாரு."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. முதல் எண்டரில் செயலி திறந்தது. இரண்டாவதில் பதிவு தொடங்கிவிட்டது. அவன் பழைய பதிவுகளின் வரிசையைப் பார்த்தான், மூலையைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். பதிவு முடியாத வரைக்கும் அது வரிசையில் வராது, அழிக்கச் சொன்னதிலும் மாட்டாது. "நீதான சொன்ன, சிவப்பு சுத்தினா ஓடுதுன்னு" என்றாள். நேற்று டாக்டர் முன்னால் அவள் ஏன் தலையாட்டினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி இன்னும் அவன் ஆபீசில் இருந்தது.

அவன் வகுப்புக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு என் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பெட்டியில் மாட்டினேன். திரை வெளிச்சமானது. சிவப்பு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நேற்று மதியத்திலிருந்து. நிறுத்தினேன். பெரிய கோப்பு, சேமிக்கும் பட்டை ஆமையாக நகர்ந்தது. போ, போடி, போய்த் தொலை!

பாதியில் வாசலில் கார் வந்து நின்றது.

எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை, அவன் வழக்கம் அது. என் முடியைச் சுற்றிப் பிடித்து ஷட்டர் கம்பியில் மோதினான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கையில் அகப்பட்டது கீபோர்டு. அதாலேயே அடித்தேன். மூக்கில், வாயில், மறுபடி மூக்கில். விசைகள் தெறித்துத் தரையெல்லாம் சிதறின. அடிக்க அடிக்க எனக்கு இனித்தது. பொய் எழுத மாட்டேன், இனித்தது. பிறகு அவன் கை என் கழுத்துக்கு வந்தது. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் ஹாரன். காரில் ஓட்டுநர் இருக்கையில் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு மூன்றாவது வகுப்பாம். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு அடியில் எங்கள் கால்களைப் பார்த்திருக்கிறாள். ஹாரன் மேல் இரண்டு கையையும் வைத்து எடுக்காமல் அழுத்தினாள். தெருவே திரும்பியது. எதிர்க்கடை தையல்காரரும் மருந்துக் கடைக்காரரும் ஓடி வந்து ஷட்டரைத் தூக்கினார்கள்.

கையை எடுத்துக்கொண்டு அவன் சிரித்தான். "ஒண்ணும் இல்லங்க, குடும்ப விஷயம்." மூக்கிலிருந்து ரத்தம் வழியச் சிரித்தான்.

"நான் பாத்தேன்" என்றாள் அந்தப் பெண், இறங்காமல், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல். "எல்லாத்தையும் பாத்தேன்."

எனக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். கோப்பு முழுதாகச் சேமித்திருந்தது. பெட்டி வக்கீலம்மாவிடம்.

ஏப்ரல் 11, சனி

கேட்டேன். அந்தப் பதிவைக் கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன்.

அக்கா பேசுகிறாள். அடி விழும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பவள், இதில் பேசிக்கொண்டே இருக்கிறாள். மைக் எங்கே என்று தெரிந்து அதன் பக்கம் முகத்தை வைத்துப் பேசுகிறாள். "என் கையை எதுக்கு டிராயர்ல வைக்கிறீங்க?" என்கிறாள். அவன் பேசவில்லை. உதைக்கும் சத்தம். அலறல். அலறல் அடங்கியதும் மறுபடி அவள்: "போன வருஷம் காதைக் கிழிச்சீங்களே, அப்பவும் கதவுல இடிச்சுக்கிட்டதா சொல்லச் சொன்னீங்களே."

அப்போது அவன் வாயைத் திறக்கிறான். "சொன்னேன்ல? இதையும் அப்படித்தான் சொல்லப்போற. டிராயர்ல மாட்டிக்கிச்சுன்னு."

மறுபடி உதைக்கும் சத்தம்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இரண்டாவது உதையை அவள் வாங்கியிருக்கிறாள். வேண்டுமென்றே கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் அவளை என்னவென்று நினைத்தேன்!

பதிவு அதோடு நிற்கவில்லை. மானிட்டர் உடைகிறது, குழாயில் தண்ணீர் விழுகிறது, நான் கத்திக்கொண்டு ஓடி வருகிறேன், அதன் பிறகு நெடுநேரம் வெறும் தெருச் சத்தம். பிறகு நேற்றுக் காலை. வாசலில் நின்ற காரிலிருந்து அவன் குரல், தேன் மாதிரி: "பயப்படாதீங்கம்மா. கிளட்ச்சை மெதுவா விடுங்க. அவசரமே இல்ல."



ஏப்ரல் 13, திங்கள்

அதே இன்ஸ்பெக்டர் அம்மா. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். கிளட்ச் வரை வந்ததும் கழற்றி மேசையில் வைத்தார். "என் பொண்ணைத் தனியா அந்தக் கார்ல அனுப்பினேன்" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

ஹாரன் பெண்ணும் வந்து எழுதிக் கொடுத்தாள். அக்கா கட்டுப் போட்ட கையோடு டாக்டரிடம் நேற்றே சொல்லிவிட்டாள்: "என் புருஷன் உடைச்சது." மதியம் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே போனானாம்.

ஏப்ரல் 15, புதன்

அந்தப் பழைய பக் ரிப்போர்ட்டில் புதுப் பதில் வந்திருக்கிறது: "இப்போ கணிப்பான் டக்குனு முதல்ல வருது. நன்றி. கையை உடைக்கணும்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

மடிக்கணினியை மூடிவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 20, திங்கள்

தாடியோடு சண்டை. மெனு தானாகப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக் கூடாது, கேட்டால் மட்டும்தான் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றதில் எதையும் மறக்கச் சொல்ல வழி இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

"எங்கயோ ஒரு வீட்டுல நடந்ததுக்காக எல்லாருக்கும் மாத்தணுமா?" என்றார். "தேடல் மறுபடி மட்டமாயிடும். நீங்கதான இதைக் கேட்டு வாங்கினீங்க?"

"நான்தான் கேட்டேன். நான்தான் எழுதினேன். ஒரு கம்ப்யூட்டரை ஒரே ஆள்தான் தொடுவாருன்னு நினைச்சு எழுதினேன். வீட்டுல அப்படியா இருக்கு? யார் திறந்தாங்கன்னு அடுத்து உக்கார்றவனுக்கு நம்ம மெனு சொல்லிக் குடுக்குது, இதுதான் நாம செஞ்சது!"

"கொஞ்சம் மிகைப்படுத்துறீங்க."

"எக்ஸ்ரே அனுப்பட்டுமா?"

 கையில் கப் இருந்தது. வீசவில்லை, கீழே வைத்தேன். வைக்கக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

தாடி ஏற்றுக்கொண்டார். ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. "எனக்கும் ஒரு அக்கா இருக்கா" என்று மட்டும் கடைசியில் எழுதியிருந்தார்.

ஜூன் 15, திங்கள்

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இந்தத் தெருப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு. உத்தரவை நம்பியா தூங்க முடியும்? வீல் ஸ்பேனரை என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அக்காவுக்குத் தெரியாது.

ஜூலை 6, திங்கள்

அக்காவுக்குத் தெரியுமாம். அவளும் ஒன்று வைத்திருக்கிறாளாம்.

செப்டம்பர் 5, சனி

டிரைவிங் ஸ்கூல் இப்போது அக்காவுடையது. மணிக்கட்டுக்குள் ஒரு உலோகத் தகடு இருக்கிறது, கியர் மாற்றும்போது முகம் சுளிக்கிறாள். பெண்கள் மட்டும்தான் சேர வேண்டும் என்றில்லை, ஆனாலும் பெண்கள்தான் வருகிறார்கள். ஹாரன் பெண் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், இரண்டாவது முயற்சியில்.

அடுத்த வெளியீட்டைச் சோதிக்க இன்று ஆபீசுக்கு வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மெனுவைத் திறந்து 'க' அடித்தேன்.

முதலில் வந்தது குரல் பதிவி.

 யார்? மறுபடி யார்? வந்துவிட்டானா, எனக்குச் சொல்லாமல் அக்கா அடி வாங்கிக்கொண்டு இருக்கிறாளா? இந்த முறை யார் தடுத்தாலும் ஸ்பேனரைக் கீழே போட மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். செயலியைத் திறந்தேன். கீழே வரைக்கும் பதிவுகள். முதலில் இருந்ததை ஓட விட்டேன்.

அக்காவின் குரல்: "கிளட்ச்சை டக்குனு விட்டா வண்டி குதிக்கும். குதிச்சாக் குதிக்கட்டும். நான் பக்கத்துல இருக்கேன், ஒண்ணும் ஆகாது. அடுத்தது, வளைவுல திரும்புறது."

அடுத்ததும் பாடம். அதற்கடுத்ததும். தியரி வகுப்புக்கு வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு அனுப்புகிறாளாம். எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதை நான்தானே நிறுத்தி வைத்தேன்? பிறகு எப்படி இது முதலில் வந்தது? அமைப்பைத் திறந்து பார்த்தால் 'நான் திறப்பதை நினைவில் வை' என்ற பொத்தான் ஆனில் இருந்தது.

"இதை யாரு போட்டதுக்கா?"

"நான்தான்" என்றாள், கையில் டீயோடு வந்தவள். "ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருந்துது. எழுந்திரு, அடுத்த பாடம் பேசணும்."

எழுந்தேன். அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ரோட்டுச் சத்தம் வருமே, ஷட்டரை இறக்கட்டுமா?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"வேணாம். அது மேலயே இருக்கட்டும்" என்றாள்.